பதினைந்தாவது பெட்டி

எங்கள் மருத்துவமனையில் என்னை எவராலும் வேலையை விட்டு நிறுத்த முடியாது என்று பதினோரு வருடம் பெருமையடித்துத் திரிந்தேன். அப்படிப் பேசிய வாய்க்கு இப்போது நாலு அறை கொடுக்கலாம். அவர்களாலும் என்னை நிறுத்த முடியாது, நானாகவும் விட்டுப் போக முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

மலேசியாவின் ஈப்போ நகரில் நாலு மாடித் தனியார் மருத்துவமனை அது. கதவு, விளக்கு, ஏர்கான் எல்லாம் தானாக இயங்கும். அவற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் கம்பியில் ஓடுவது வெறும் இருபத்து நாலு வோல்ட். ஆரம்பத்தில் கீழ்த்தளத்தில் இருந்த ஒரே ஒரு பவர் சப்ளை எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்தது. பிறகு பின்பக்கத்து ரப்பர் மரங்களை வெட்டிப் புது பிளாக் எழுப்பினார்கள், அதற்கு ஒரு இணைப்புப் பாலம் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கம்பியையே நீட்டினார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுமே, கடைசிக் கதவுக்குக் கரண்டும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. கார்டைக் காட்டினால் கதவு யோசித்துவிட்டுத் திறக்கும். சில நாள் திறக்கவே திறக்காது.

இதற்கு மருந்து தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெரிய சப்ளையையே நம்பிக்கொண்டிருக்காமல், கட்டடம் நீளுகிற இடத்திலெல்லாம் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று வைக்க வேண்டும். வைத்தேன். கூரைப் பலகைக்கு மேலே, அலமாரிக்குப் பின்னால், எங்கே பிளக் பாயிண்ட் கிடைத்ததோ அங்கே. மொத்தம் பதினான்கு பெட்டிகள். வேலை சுத்தம். ஆனால் ஒன்றைக்கூட வரைபடத்தில் குறிக்கவில்லை.

மறதியால் இல்லை, வேண்டுமென்றேதான். ஏழு வருடத்துக்கு முன்னால் என்னோடு ரூபன் வேலை பார்த்தான். ஒரு ஸ்குரூவை முடுக்கினால்கூடப் படத்தில் எழுதி வைக்கிறவன். ஆட்குறைப்பு வந்தபோது அவன் ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள். இருவரில் யார் இல்லாமல் முடியாது என்று மேனேஜர் கலாதேவி கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதியவன் போனான், எழுதாதவன் நிலைத்தான் என்று என் புத்தி அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது.

எங்கள் ரத்தத்திலும் அது இருக்கிறது. சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது அப்பாவை மட்டும் வேலையில் வைத்துக்கொண்டார்கள், எந்தத் தண்ணீர் வால்வு எங்கே என்று அவருக்குத்தான் தெரியும் என்பதால். அதை வீட்டில் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மற்ற எல்லோரும் டவுனுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ள, காலியான லயத்தில் நாங்கள் ஒரு குடும்பம் மட்டும் மூன்று வருடம் கிடந்ததை எவரும் பெருமையாகச் சொன்னதில்லை.

என் மனைவி துளசி நாட்டின் தெற்குக் கோடியில், ஜோகூர் பாருவில், மருத்துவமனைத் தாதி. மகளோடு அங்கே போய் இரண்டு வருடமாகிறது. நான் மாதம் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய், படுக்கை சூடாவதற்குள் திரும்பி வருகிறவன். எங்கள் நிறுவனத்துக்கே அங்கு ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே டெக்னிஷியன் வேலை காலியானதும் மாற்றம் கேட்டேன். கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. எல்லாப் பெட்டிகளையும் படத்தில் குறித்து, புதிதாக வந்த இன்ஜினியர் ஆர்த்திகாவிடம் கையெழுத்து வாங்கினால்தான் மாற்றக் கடிதம். திங்கட்கிழமை அங்கே போய் நிற்காவிட்டால் வேறு ஆள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டவன் நான்தான், யாரை நோக?

அந்தத் திங்களுக்கு எட்டு நாள் முன்னால், டயாலிசிஸ் பிரிவு மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் சோதித்தோம். கீழே உள்ள பெரிய சப்ளையை நிறுத்தி, என் பதினான்கையும் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். எல்லாக் கதவும் செத்துவிட வேண்டும். செத்தன. மூன்றாவது மாடி டயாலிசிஸ் கதவில் மட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னொன்னு இருக்குண்ணே" என்றாள் ஆர்த்திகா.

அது நான் வைத்ததில்லை என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் பதினோரு வருடம் எதையும் சொல்லாதவன் இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்? இந்தத் தர்மா ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு பேரம் பேசப் பார்க்கிறான் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

திங்கள் முதல் வியாழன் வரை கூரைக்குள் ஊர்ந்தேன். எலிப்புழுக்கை, சூடு, கண்ணாடிப் பஞ்சு. செவ்வாய்க்கிழமை ஏர்கான் குழாய்க்கும் உத்தரத்துக்கும் நடுவில் இடுப்பு பெல்ட் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் கிடந்தேன். கீழே டயாலிசிஸ் இயந்திரங்கள் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தன. கத்தினால் நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, கொஞ்சம் அழுதேன்.

வியாழக்கிழமை துளசி போனில் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "படத்துல எங்கயாச்சும் ஒரு புள்ளிய வச்சிட்டு வந்துருங்க லா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை படத்தை மேசையில் விரித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூன்றாவது மாடி ஸ்டோர் ரூமுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

ஆர்த்திகா எதிரில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க வைக்கிற எடத்துக்கு நான் சைன் போட்டுர்றேன்ணே. மேடம் என்ன வேணும்னாலும் சொல்லட்டும், நான் ஒங்கள நம்புறேன்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் வைத்திருப்பேன். ஒரு நாள் அந்தப் பெட்டி செத்துப்போகும். உள்ளே பதினாறு பேர் கையில் குழாயோடு படுத்திருக்க, அவசரத்துக்கு ஓடி வரும் டாக்டருக்குக் கதவு திறக்காது. இந்தப் பெண் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடுவாள். பேனாவைக் கீழே வைத்தேன்.

அவள் வேறு ஒரு தாளை முன்னால் நகர்த்தினாள். அது எட்டு வருடத்துக்கு முந்தைய படம், அந்தக் கதவைப் பொருத்தியபோது வரைந்தது. கீழ்த்தளத்திலிருந்து நேராகக் கதவு வரை ஒரே கம்பி, இடையில் எதுவுமில்லை. அவ்வளவு தூரம் கரண்ட் போனால் அந்தக் கதவு ஒரு நாளும் திறந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். வரைந்தவனுக்கும் தெரிந்திருக்கும், இடையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் படத்தில் மட்டும் விட்டிருக்கிறான். கீழே ரூபனின் கையெழுத்து இருந்தது.

அவன் எண்ணை நான் அழிக்கவில்லை, கூப்பிட்டதும் இல்லை. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான் என்று மட்டும் கேள்வி. இப்போது கூப்பிட்டேன், எடுத்தான். பின்னால் மழைச் சத்தம். பெயரைச் சொன்னேன். நான் குசலம்கூட விசாரிக்காமல் டயாலிசிஸ் கதவைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"தீயணைக்கிற ஓஸ் பைப்பு பொட்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி தகடு. நாலு ஸ்குரூ" என்றான்.

தினமும் கடந்துபோகிற இடம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"நீ ஏன் எழுதல? அதே காரணம்தான்லா. என்னய அனுப்புனா ஒருநாள் அவங்களே போன் போட்டுக் கூப்புடுவாங்கன்னு நெனச்சேன். ஏழு வருசம் மச்சான். அந்தப் பொட்டி கெட்டும் போவல, எவனும் கூப்புடவும் இல்ல. நீதான் மொத ஆளு."

அவனிடமும் ரகசியம் இருந்தது, அனுப்பிவிட்டார்கள்; அப்படியானால் என்னை வேலையில் வைத்திருந்தது என் ரகசியம் இல்லை. அன்றைக்கு யாரோ ஒருவன் போக வேண்டியிருந்தது, போனவன் ரூபன், அவ்வளவுதான். அதற்குப் போய் ஏழு வருடம் என்னை நானே பூட்டி வைத்திருக்கிறேன். மகளிடம் போக இந்தப் பெட்டிதான் தடையாக நிற்கிறது என்று சொன்னேன், அன்று மேனேஜர் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். புள்ளையைப் போய்ப் பார் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

பெட்டி அங்கேதான் இருந்தது. நிறுத்தியதும் பச்சை விளக்கு அணைந்தது, மறுபடி போட்டதும் எரிந்தது. படத்தில் பதினைந்தாவது புள்ளியை வைத்தேன், ஆர்த்திகா கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் படத்தை நெடுநேரம் பார்த்தார். மிக நன்றாக இருக்கிறது என்றார். "கடிதம் அடுத்த மாசம் தரேன் தர்மா. ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க. ஏதாச்சும் ஆனா ஒங்களுக்குத்தானே தெரியும்."

இதைக் கேட்கத்தானே பதினோரு வருடம் ஆசைப்பட்டேன்!

"படத்துல இருக்கு மேடம். ஆர்த்திகாவுக்குத் தெரியும். நான் போறேன்" என்றேன். கடிதம் இல்லாமல் போனால் அங்கேயும் வேலை கிடையாது என்று எச்சரித்தார். தெரியும் என்று சொல்லிவிட்டு அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

சனிக்கிழமை பஸ் நிலையத்திலிருந்து துளசியைக் கூப்பிட்டேன். கடிதம் வரவில்லை, நான் மட்டும் வருகிறேன் என்று சொன்னேன். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எத்தன நாளுப்பா?"

இரண்டு வருடமாக அவள் முதலில் கேட்பது இதைத்தான், நானும் ரெண்டு நாள் என்று சொல்லிப் பழகியிருந்தேன். அதுவே நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இனிமேல் அங்கேதான், திரும்பிப் போக மாட்டேன் என்றேன்.

அவள் நம்பவில்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.