திலகாவின் கோழிக் கேஸ்

அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்காக ஏஜென்ட் நீட்டிய விசா ஃபாரத்தில் இருபத்தேழு கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் எழுதிய திலகா, இருபத்தெட்டாவதில் பேனாவை நிறுத்திவிட்டாள். இதுவரை ஏதாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா என்று கேட்டிருந்தது.

உண்டு. பத்து வருஷத்துக்கு முன், நர்ஸிங் முதல் வருஷ லீவில் மானாம்பதிக்கு வந்திருந்தபோது, அப்பா பச்சமுத்துவுக்குக் கால் வீங்கிக் கிடந்ததால், பன்னிரண்டு கோழிகளைக் காலைக் கட்டி சைக்கிள் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டு உத்திரமேரூர் சந்தைக்குப் போனாள். அன்றைக்கென்று பார்த்து மிருகவதைத் தடுப்பு ஆள் ஒருவர் வந்திருந்தார். கேஸ் ஆயிற்று. கோர்ட்டில் கூட நின்ற போலீஸ்காரர், “ஆமான்னு சொல்லிடும்மா, பஸ்ஸு போயிடும்” என்று காதில் சொன்னார். அவளும் ஆமாம் என்றாள். ஐம்பது ரூபாய் அபராதம். பஸ்ஸும் கிடைத்தது.

ஏஜென்ட் வேதகிரி கேட்டுவிட்டுச் சிரித்தார். “இல்லன்னு போடும்மா. கோழியா போயி சொல்லப் போவுது?”

“வக்கீல கேட்டுக்கினுதான் வந்தேன் சார். சின்ன அபராதம்னா எடுத்துச் சொல்ல வழி கீதாம். மறைச்சது தெரிஞ்சா ஆயுசுக்கும் உள்ள வுட மாட்டாங்களாம்” என்று சொல்லி, ‘ஆம்’ கட்டத்தில் அழுத்தி டிக் போட்டாள் திலகா.

பச்சமுத்து இடிந்துபோனார். “என் கோழிம்மா அது! நான் போயி ஒத்துக்கறேன். என்னையே உள்ள வெக்கட்டும்.”

“உனக்கு ஆரு நைனா விசா குடுத்தா? சும்மா இரு.”

தீர்ப்பின் நகல் வேண்டியிருந்தது. கோர்ட் கிளார்க் பஞ்சாட்சரம் மூன்று நாள் கட்டுகளைப் புரட்டித் தும்மித் தும்மித் தேடியெடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். “ஒரு சேவலும் பதினொரு பெட்டைகளும் தேவையற்ற வேதனைக்கு உள்ளாயின.”

பச்சமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “அந்தச் சேவலு ஒரு வேதனையும் படல சார். சந்தையிலேர்ந்து வூட்டுக்குத் திரும்பி வந்த ஒடனே மூணு பேர கொத்திச்சி.”

“அத அப்பவே ஜட்ஜய்யாகிட்ட சொல்லியிருக்கணும்” என்றார் பஞ்சாட்சரம், முத்திரையைக் குத்திக்கொண்டே.

அதோடு பச்சமுத்து விடவில்லை. திலகா கோழிகளுக்கு நல்லதைத் தவிர வேறொன்றும் செய்தவளில்லை என்று ஒரு தாளில் எழுதச்சொல்லி, காலனியில் முப்பத்திரண்டு பேரிடம் கைநாட்டு வாங்கிவந்தார். வேண்டாமென்றால் மனம் நோவார் என்று திலகா அதையும் பையில் வைத்துக்கொண்டாள்.

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்து அதிகாரி நரைத்த தலைக்காரர். தீர்ப்பின் மொழிபெயர்ப்பை இரண்டு தடவை படித்தார். ஏன் தலைகீழாகக் கட்டினாய் என்றார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் கொண்டுபோவார்கள், தப்பென்று அப்போது தெரியாது என்றாள், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். இப்போதென்றால்? கூடையில். ஒரு கூடையில் எத்தனை? திலகா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். “நாலு. அதுக்கு மேல போனா ஒண்ணையொண்ணு கொத்தும்.” அவர் ‘நாலு’ என்று டைப் அடித்தார். கைநாட்டுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், உதடு துடித்தது, சிரிக்காமல் அதையும் ஃபைலில் சேர்த்துக்கொண்டார். மேலிடத்தில் பரிசீலிக்க வேண்டும், காத்திருங்கள் என்று ஒரு சீட்டு கொடுத்தார்.

ஆறு வாரம் திலகாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதுகூடக் கோழி ஞாபகம். ஏழாவது வாரம் பாஸ்போர்ட் விசாவோடு வந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

பச்சமுத்து அன்றே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். “என் பொண்ணு நர்ஸு வேலைக்குத்தான் போறா. ஆனா அந்த வெள்ளக்காரன் ஊசிய பத்தி ஒரு வார்த்த கேக்கலயே! அரை மணி நேரம் கோழிய பத்தியே கேட்டுக்கினு கீறான். அங்க இன்னா ஆஸ்பத்திரியோ, போ!”