எஃப் இல்லாத டிபன்

புது வசதி தர்றேன்னு சாப்ட்வேர்காரன் வந்தாலே எனக்குப் பத்திக்கினு வரும். ஒழுங்கா ஓடினு இருக்கிறதக் கலைச்சிப் போட்டு, கலர் பூசி, 'இனிமே ரொம்ப சுலபம்'னு ஒரு வரி போடுவான். யாருக்குடா சுலபம்?

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம், செருப்புக்கடை மாடியில எங்க ஆபீஸ். நெட்டுல தேடினா ஊர்ல இருக்கிற லாட்ஜ், ஓட்டல் பேரு முன்னாடி வரணும்ல, அதான் எங்க பொழப்பு. எந்த வார்த்தையப் போட்டா நம்ம கடை எத்தனாவதா வருது, மாசத்துல எத்தினி பேர் அதத் தேடுறாங்கன்னு சாப்ட்வேர் காட்டும். அதப் பாத்துக்கினு உக்காந்திருக்கிறவ நான், தென்றல்.

அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையில இட்லிக்கடை வச்சிருக்கிற வேதா அக்காவும் எங்க கஸ்டமர்தான். கடைக்குப் பலகை எழுதினது அவங்க வீட்டுக்காரரு பரசுராமன். இங்கிலீசுல வேதா டிபன்னு எழுதுறப்போ மனுஷன் எஃப்பே போடல. நாம வாயால சொல்ற மாதிரியே டி, ஐ, பி, ஏ, என். பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவுல அக்கா அதச் சொல்லிச் சிரிச்சிட்டாங்க. அவரு மூஞ்சி தொங்கிப்போச்சு. அதுலயே சண்ட முத்தி, "எங்கனா ஒழிஞ்சி போ"ன்னுட்டாங்க. போயிட்டாரு. வருஷம் மூணாச்சு, தேடாத எடமில்ல, ஒரு தகவலும் இல்ல. போன புதுசுல ஆத்திரத்துல அவரு போட்டோ எல்லாத்தையும் அடுப்புல போட்டுக் கொளுத்தினாங்க. பலகைய மட்டும் கழட்டல.

போன வருஷம்தான் ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சு. எஃப் இல்லாத அந்த டிபன, வேதா பேரோட சேத்து, யாரோ மாசாமாசம் தேடுறாங்க. இந்தத் தப்ப உலகத்துல வேற எவன் பண்ணுவான்? ஓடிப்போய்ச் சொன்னேன். எங்கியோ உக்காந்துக்கினு நம்ம கடையத்தான் தேடுறாருன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. மறுநாள்ல இருந்து அவருக்குப் புடிச்ச காரச்சட்னி தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வைப்பாங்க. ஒவ்வொரு மாசமும் போன் பண்ணி, தேடினாரான்னு மட்டும் கேப்பாங்க. தேடினாரு அக்கான்னு சொன்னா போதும், குரலே மாறிடும்.

இப்ப வந்த புது வசதி என்னன்னா, வார்த்தைங்களக் கூறு கட்டி ஒவ்வொரு கூறுக்கும் பேர் வைக்கலாம், எந்த ஊர்ல இருந்து தேடுறாங்கன்னும் பாக்கலாம். எல்லாத்தையும் பிரிச்சி அடுக்கச் சொல்லிட்டு எங்க மொதலாளி இளஞ்செழியன் சார் டீ குடிக்கப் போயிட்டாரு. ரூமு ஒரு கூறு, சாப்பாடு ஒரு கூறு, கிரிவலம் ஒரு கூறு. அந்த டிபன எதுலயும் சேக்க மனசு வரல. தனியா வச்சி, 'வேதா அக்கா'ன்னு பேர் குடுத்து, ஊரு எதுன்னு தட்டினேன். பெங்களூர் மாதிரி எங்கனா தூரத்து ஊரு வரும்னு இருந்தேன். திருவண்ணாமலைன்னு வந்துச்சு.

இங்கியேதான் இருக்காரு அக்கான்னு போன்லயே சொல்லிட்டேன். அக்கா போன வச்சிட்டாங்க.

மறுநாள் காலையில ஸ்கூட்டிய எடுத்துக்கினு கடைக்குப் போனேன். அடுப்பு பத்த வைக்கல. வெளிய பெஞ்சில அப்பாதுரை பெரியப்பா, அதான் பரசுராமனோட அப்பா, உக்காந்திருந்தாரு. நேத்துல இருந்து மருமக கிரிவலப் பாதையில அலையிறா, அவன் சாமியாராயிட்டானோன்னு காவி கட்டுனவங்க ஒருத்தர் விடாம மூஞ்சியப் பாத்துக்கினு போறாளாம், சோறு தண்ணி இல்லன்னு வருத்தப்பட்டாரு. அப்புறம் போன எடுத்தாரு. தலையத் தூக்கிப் பலகையப் பாப்பாரு, ஒரு எழுத்து குத்துவாரு. மறுபடி பாப்பாரு, குத்துவாரு.

கிட்டப் போய் அவரு போன எட்டிப் பாத்தேன்.

"என்ன பெரியப்பா தேடுறீங்க?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா. அவன் எழுதி வச்சதப் பாத்து அப்படியே குத்துவேன். நம்ம கடை வரும், உள்ள அவன் தோசக்கல்லுகிட்ட நிக்கிற போட்டோ வரும், சாப்ட வந்தவங்க யாரோ எப்பவோ எடுத்துப் போட்டது. வீட்லதான் ஒண்ணு கூட இல்லியே. வேதாகிட்ட கேட்டா ரோசப்படுவா. புள்ள மொகம் மறந்துடுமோன்னு பயமா இருக்கும்மா. அதான் அப்பப்ப பாத்துக்கிறேன்."

நான் திரும்பினா, வேதா அக்கா பின்னாடி நிக்கிறாங்க. காலெல்லாம் புழுதி. எப்ப வந்தாங்கன்னு தெரியல. எல்லாத்தையும் கேட்டுட்டாங்கன்னு அவங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது.

கத்துவாங்கன்னு நெனச்சேன். மாமனாரத் திட்டல, என்னையும் திட்டல. உள்ள போனாங்க. நேத்து எடுத்து வச்ச காரச்சட்னி கிண்ணத்தக் கொண்டாந்து கழுநீர்த் தொட்டியில கவுத்தாங்க. வந்து பெரியவரு பக்கத்துல உக்காந்தாங்க.

"எனக்கும் மறந்துனு வருது மாமா. காட்டுங்க."

அவரு போன அவங்க பக்கம் திருப்பினாரு.