பாட்டுத் தண்டனை

தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் கெட்டில் என்று பெயர் என்பதை நசிமிரே எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. தலையணை, போர்வை, குடை, கதவுத் தாழ்ப்பாள் எல்லாமே அப்படித்தான். பிசிம்வா பாடிப் பாடி அவள் காதில் ஏற்றியவை அவை. இன்றைக்கும் அடுப்பில் தண்ணீர் கொதித்தால் அந்த இருபது வயதுக் குரல்தான் அவளுக்குக் கேட்கும்.

ஏரிக்கரை ஊரான புக்காவுவில் அப்போது தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் கிளப். பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் மாஷி, சந்தையில் ஸ்வாஹிலி என்று மூன்று மொழி கையில் இருந்தும் பிள்ளைகளின் கனவெல்லாம் ஆங்கிலம் புழங்கும் நைரோபியில்தான். கதுத்து மேட்டு சர்ச் கூடத்தில் சனிக்கிழமைதோறும் கூடிய கிளப்புக்கு நசிமிரே தலைவி. எல்லோரும் அவளை "பிரெசிடென்ட்" என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த வயதில் அது தலைக்கேறாமல் இருக்குமா? நன்றாகவே ஏறியிருந்தது.

கிளப்புக்கு ஒரே சட்டம். உள்ளே வந்தபின் வேறு மொழி வாயில் வந்துவிட்டால் எழுந்து நின்று ஓர் ஆங்கிலப் பாட்டுப் பாட வேண்டும். பிறகு அதிலிருந்து அன்றாடம் புழங்கும் சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, யாரையாவது கைகாட்டி அதை வைத்து வாக்கியம் சொல்ல வைக்க வேண்டும். நைரோபி ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே பாட்டைப் பிடித்து, கேசட்டில் பதிந்து, வரி பிடிபடும்வரை ஓட்டி ஓட்டிக் கேட்பார்கள். நாடா சிக்கினால் பேனாவை விட்டுச் சுற்றுவார்கள். அந்தப் பொறுமையெல்லாம் இப்போது யாருக்கு இருக்கிறது!

வாராவாரம் மாட்டுகிறவன் பிசிம்வா. ஏரிப் படகுத்துறையில் மூட்டை ஏற்றுகிற இடத்தில் வேலை. ஒல்லியான ஆள், உருக்கும் குரல். பேச எழுந்தால் நாலு வாக்கியம் தாண்டுவதற்குள் ஒரு ஸ்வாஹிலிச் சொல் வழுக்கி விழும். நசிமிரேயின் தோழி சாந்தால் மேசையைத் தட்டுவாள்.

"விழுந்துட்டான்! பாடுடா, பாடு!"

மற்றவர்கள் பாட்டில் கண்ணீரும் ரயிலும் உடைந்த நெஞ்சும்தான் இருக்கும். அந்தக் கிளப்பில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் அழுது பிரியத் தெரியும், வெங்காயம் வாங்கத் தெரியாது. பிசிம்வா மட்டும் வீட்டுச் சாமான் வருகிற பாட்டாக எங்கிருந்தோ தேடிப் பிடித்து வருவான். வாக்கியம் சொல்ல அவன் கைகாட்டுவது எப்போதும் தலைவியைத்தான்.

ஒருமுறை பக்கத்து நாட்டுப் புஜும்புராவிலிருந்து வேறு கிளப்காரர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். வரவேற்கும்போதே பிசிம்வா ஸ்வாஹிலியில் விழுந்தான். நசிமிரேக்கு முகம் சிவந்துவிட்டது. சுத்தமான ஆங்கிலத்தில் எல்லோர் முன்னும் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"உன் மண்டையில இந்த ஜென்மத்துல இங்கிலீஷ் ஏறாது. எதுக்கு இங்க வந்து எங்க மானத்த வாங்குற? மூட்டை தூக்கப் போ."

"சரிங்க பிரெசிடென்ட்," என்று சிரித்தான். அன்று பாடாமலே போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை வந்தான். நைரோபியில் மாமாவின் லாரிக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கள்கிழமை புறப்படுகிறேன் என்று ஆரம்பித்தான். ஏரியைப் பற்றி, சம்பாசா மீன் வறுபடும் வாசனையைப் பற்றி, இந்தக் கூடத்தைப் பற்றி நெடுநேரம் பேசினான். ஒரு சொல் வழுக்கவில்லை. அப்படியோர் ஆங்கிலத்தை அந்தக் கூடம் கேட்டதே இல்லை. பேசி முடித்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தான்.

நசிமிரேக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் இவன் வேண்டுமென்றேதான் விழுந்தானா? தலையணை, கெட்டில், இருவருக்கு ஒரு குடை. வாரத்துக்கு ஒரு சாமானாக அவள் கண்ணெதிரே ஒரு குடித்தனமே வைத்துக் காட்டியிருக்கிறான். அவள் சாக்பீஸை வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறாள்!

வெளியே போனால் பேச முடியாது. வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வாசலிலேயே நிற்பான். சொல்வதானால் இந்தக் கூடத்துக்குள், இப்போதே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திங்கள்கிழமை அவன் போயே போய்விடுவான்.

கூட்டத்தை முடித்து வைக்க எழுந்தாள்.

"எல்லாரும் அடுத்த வாரம் மறக்காம வாங்க," என்றாள், உரக்க, ஸ்வாஹிலியில்.



"பிரெசிடென்ட்! நீங்களா?" என்றாள் சாந்தால்.

"ஆமா, நான்தான். பாடறேன்."

அவள் குரல் எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கும். அது அவளுக்கும் தெரியும். அவனுடைய கெட்டில் பாட்டையே எடுத்துச் சுருதியில்லாமல் பாடி முடித்தாள். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. கரும்பலகையில் 'காத்திரு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதி, பிசிம்வாவைக் கைகாட்டினாள்.

அவன் எழுந்தான். அவ்வளவு ஆங்கிலமும் எங்கே போயிற்றோ, ஸ்வாஹிலிதான் வந்தது.

"நசிமிரே, நான் வர்ற வரைக்கும் நீ காத்திருப்பியா?"

"விழுந்துட்டான்!" சாந்தால் மேசையை உடைக்காத குறைதான். "பாடுடா!"

அதற்குள் அண்ணன் வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தான்.

"பாட்டு பாக்கி இருக்கட்டும், பிரெசிடென்ட். வந்து பாடறேன்," என்றான் பிசிம்வா.

பாக்கி வைக்கிற வழக்கம் அந்தக் கிளப்பில் கிடையாது. தலைவி அன்றைக்கு வைக்க விட்டாள். அவனும் திரும்பி வந்து, அவள் வீட்டார் முன்னால் நின்று பாடித் தீர்த்தான். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அடுப்பில் தண்ணீர் கொதித்தால் பிசிம்வா சமையலறை வாசலுக்கு வந்து, கொதித்துவிட்டது என்று வேண்டுமென்றே ஸ்வாஹிலியில்தான் சொல்கிறார், கெட்டில் பாட்டைப் பாட வேண்டுமே!