இருபத்தொன்றாவது ஆர்டர்

கோமளம் எழுதிய புரோகிராம் வெள்ளிக்கிழமை மானத்தை வாங்கிவிட்டது. டொராண்டோவில் தபால் வழியே துணி விற்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. வரும் ஆர்டர்களை ஊர்வாரியாகப் பிரித்து அச்சடிப்பது கம்ப்யூட்டரின் வேலை. ஓர் ஊருக்கு இருபதுக்கு மேல் வராது என்று மேனேஜர் கார்டன் சொல்ல, பெரியவர் சொன்னால் சரிதானே என்று இவளும் மறுபேச்சில்லாமல் ஊருக்கு இருபது இடம் ஒதுக்கிவிட்டாள். கிறிஸ்துமஸ் கேட்டலாக் போனதுமே ஹாமில்டனிலிருந்து இருபத்தொன்றாவது ஆர்டர் வந்தது. அது போய் அடுத்த ஊரின் இடத்தில் உட்கார்ந்துகொள்ள, ஹாமில்டன்காரியின் கோட்டு கிங்ஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

"திங்கட்கிழமையும் தப்பு வந்தால் பழையபடி கையாலேயே எழுதிக்கொள்கிறோம். நீங்களும் வேறு வேலை பாருங்கள்" என்றார் கார்டன். குரலில் கோபம்கூட இல்லை. கணவர் சேதுராமனுக்கு இன்னும் வேலை கிடைத்தபாடில்லை. வீட்டுக்கு வருவது இவள் சம்பளம் ஒன்றுதான்.

ஊருக்கு நூறு இடம் போடலாமென்றால் அந்தக் காலத்து மெஷினில் அவ்வளவு மெமரி கிடையாது. பாதி ஊர்களில் இடம் சும்மா காலியாகக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை அவர்களுடைய டோர்செட் பார்க் அபார்ட்மெண்டில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தீபாவளிச் சாப்பாடு. ஆபீஸ் புத்தி விடுமா? தரையில் குடும்பத்துக்கு நான்கு தட்டு என்று வரிசையாகப் போட்டுவைத்தாள். நம்மவர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் பலிக்கிற காரியமா! நரசிம்மன் குடும்பம் மச்சினன், மச்சினனின் ரூம்மேட் சகிதம் ஏழு பேராக வந்து இறங்கியது. பாலகிருஷ்ணன் ஒண்டியாக வந்து மூன்று காலித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன கோமளம், ரயில் ரிசர்வேஷனா? எல்லாரும் கிடைச்ச இடத்துல உக்காருங்கோ!" என்றார் நரசிம்மன். அவர் ஆட்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள்.

நரசிம்மன் வீட்டார் வெங்காயம் தொடமாட்டார்கள். அவர்களுக்கென்று தனியாக வைத்த சாம்பாரை எடுத்துக்கொண்டு வந்தாள் கோமளம்.

"உங்காத்து மனுஷாள்லாம் எங்கே?" என்று நரசிம்மனைக் கேட்டாள்.

"கல்யாணி ஜன்னலண்டை இருக்கா. அடுத்த ஆளை அவ காட்டுவா."

மனைவி கல்யாணி தன் தம்பியைக் காட்டினாள். தம்பி, கதவோரம் இருந்த ரூம்மேட்டைக் காட்டினான். கோமளம் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். அட, ஊருக்கு ஊர் தனி இடம் எதற்கு? எல்லா ஆர்டரும் ஒரே வரிசையில், காலியாக இருக்கிற இடத்தில் உட்காரட்டுமே! தன் ஊரின் அடுத்த ஆர்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றும் குறித்துவைத்துக்கொண்டால் போதாதா?

"சாம்பார் ஆறறது" என்றார் சேதுராமன்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதினாள். திங்களன்று ஹாமில்டனுக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் வந்தன. அச்சான தாளைக் கார்டன் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுச் சரிபார்த்தார்.

"ஓர் ஊருக்கு எத்தனை வரை தாங்கும்?"

"ஊருக்கென்று கணக்கே இல்லை. மொத்த வரிசை நிரம்பும் வரை தாங்கும்."

"நல்லது. நாளைக்கும் நீங்களே ஓட்டுங்கள்."

ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏன்னா, எல்லாம் சரியா வந்துடுத்து!"

"அப்போ பெட்டியையெல்லாம் மறுபடி அலமாரி மேல ஏத்திடட்டுமா?" என்று கேட்டார் சேதுராமன்.

வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்குமே என்று அவர் அவற்றை இறக்கிவைத்ததே அவளுக்குத் தெரியாது. பாவம் மனுஷர், ஒரு வார்த்தை சொல்லவில்லையே! "ஏத்திடுங்கோ" என்றாள்.