குளத்துக்கு ஒரு முடிவெட்டு

சலூன்காரர் எதில் கை வைத்தாலும் அரைகுறையாக விடமாட்டார். அந்தத் தொழில் புத்திதான் அன்றைக்கு அவர் காலை வாரிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன சிமெண்ட் குளம் அவர் மனைவியின் ராஜ்ஜியம். அதில் ஆகாயத்தாமரை தண்ணீரே தெரியாமல் மண்டிப்போய், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. போன வாரம் அதைப் பிடுங்க இறங்கியவள் பாசியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டு மாற்ற அக்காவுடன் கிளம்பும்போது, "இந்த ஓரத்துல மூணுல ஒரு பங்கு மட்டும் எடுங்க, மீதியைத் தொடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஒரு பங்கு எடுத்ததும் குளம் பாதி வழித்த தாடை மாதிரி இருந்தது. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. மிச்சத்தையும் வழித்துச் சுவரோர நிழலில் குவித்துவிட்டு, பாசியையும் தேய்த்துக் கழுவி, பெருமையாக நின்றார்.

திரும்பி வந்தவளுக்கு முகம் செத்துவிட்டது.

"ஐயோ, முட்டை எல்லாம் வேர்லதானே ஒட்டியிருந்துச்சு!"

"என்ன முட்டை?"

"மகாராணி போட்டது."

மகாராணி அவள் முதன்முதலில் வாங்கிய சிவப்பு மீன். வயதாகி, நேற்றுக் காலையில் செத்து மிதந்தது. புதைத்தவர் இவர்தான். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதது அவருக்கே ஆச்சரியம். அதற்கு முந்தின நாள் அது முட்டையிட்டிருந்ததுதான் அவருக்குத் தெரியாது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட சொன்னா, ஒரு சவரம் முடியறதுக்குள்ள தெரு பூரா தெரிஞ்சிடும். குஞ்சு பொரிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

குவியலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எத்தனை தலையில் ஈர் பார்த்த விரல்கள்! வேரை வகிடு வகிடாகப் பிரித்தார். முதலில் அகப்பட்டதெல்லாம் வெள்ளையாக, கெட்டுப்போனவை. அப்புறம் குவியலின் அடியில், ஈரம் காயாத ஒரு கொத்தில், கண்ணாடி போலத் தெளிவாகச் சில முட்டைகள். மற்ற மீன்கள் தின்றுவிடாமல் இருக்க அந்தக் கொத்தைத் தனித் தொட்டியில் மிதக்கவிட்டார்கள்.

"அப்படி என்ன அவசரம், மொட்டையடிக்க?" என்றாள், குரல் தணிந்து.

"நீ மறுபடி இதுல இறங்குவே. அன்னைக்கு விழுந்து கிடந்தியே, பார்த்ததும் எனக்கு உசுரே போயிடுச்சு. ஒரு இலைகூட இல்லைன்னா இறங்க மாட்டேல்ல?"

நல்ல கையால் அவர் முதுகில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் தொட்டியைச் சுற்றியே வளைய வந்தார்கள். ஒரு காலையில் அதன் சுவரில், வெட்டிப் போட்ட இமைமுடி அளவுக்கு ஏழெட்டுக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பாவம், அம்மா இல்லாத பிள்ளைங்க" என்றார் அவர்.

"அம்மா இருந்திருந்தா, அவளே ஒண்ணு விடாம முழுங்கியிருப்பா!"

சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. மகாராணிக்காக அழ வேண்டிய அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது. சலூன்காரர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடை திறக்க நேரமாகிவிட்டது, அவர் நகரவில்லை.