மருந்து வேண்டாத வம்சம்

உலகத்தில் நேர்மை என்று ஏதாவது மிச்சம் இருந்தால் அது தேனீயிடம்தான் இருக்கிறது. மோர்டோர்ஃப் தேனீ வளர்ப்போர் சங்கத் தலைவர் ஹின்னெர்க் புலர்டிக் பத்தொன்பது வருடமாக ஆண்டு விழாவில் இதைத்தான் சொல்லி வருகிறார். தேனீ திருடாது, அடுத்த வீட்டு வாசலை மிதிக்காது. விழாவை மட்டும் ஆகஸ்டில் வைக்க மாட்டார். ஆகஸ்டில் பூவெல்லாம் ஓய்ந்துவிடும். தேனீக்கள் நோஞ்சான் பெட்டியாகப் பார்த்துப் புகுந்து, தேனைச் சூறையாடிக்கொண்டு போகும்.

இந்த ஆகஸ்டில் சூறை போனது அவர் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம், தபால்காரி வீப்கேயின் பெட்டி.

புலர்டிக்குக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. தேனீயை உறிஞ்சும் உண்ணி வந்து ஊரில் பாதிப் பெட்டிகள் மடிந்தபோதும், தன் தேனீக்களுக்கு மருந்தே வேண்டாம், அவற்றைக் கண்டாலே உண்ணி ஓடிவிடும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இன்னும் பன்னிரண்டு நாளில் தேனீ இனப் பதிவேட்டு அதிகாரி சோதிக்க வருவார். பெட்டிகளில் மருந்து வாடை இல்லையென்றால் 'புலர்டிக் வம்சம்' பதிவேட்டில் ஏறிவிடும். வாசலுக்குப் பலகைகூட எழுதியாயிற்று.

"எம் பெட்டிய வழிச்செடுத்துட்டுப் போகுதுங்க, தலைவரே," என்றாள் வீப்கே.

"மருந்த ஊத்தி ஊத்திச் சவலையாக்கிட்டீங்க. வர்றது யாருன்னு எனக்குத் தெரியாதா? ரயில் பாதையோரத் தோட்டக்காரங்க வளக்குறாங்களே, அப்பன் பேர் தெரியாத கூட்டம், அதுதான். சனிக்கிழமை நிரூபிச்சுக் காட்டுறேன்."

நிரூபிக்கும் வழி பழையது. கொள்ளையடித்துவிட்டு வெளியே வரும் தேனீக்கள்மீது மாவைத் தூவ வேண்டும். வெள்ளையாகி எந்தப் பெட்டிக்குள் நுழைகின்றனவோ, அதுதான் திருடன் வீடு.

சனிக்கிழமை சங்கமே கூடிவிட்டது. பேக்கரி ஓக்கே ஒரு கிலோ மாவு கொண்டுவந்தான். ரயில் பாதையோரம் இரண்டு பேர் காவல் நின்றார்கள். சல்லடையைத் தலைவரே வாங்கி, அடிக்கல் நாட்டுகிற முகத்தோடு தூவினார்.

வெள்ளைத் தேனீக்கள் கிளம்பின. ரயில் பாதைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேலியைத் தாண்டி, நேரே புலர்டிக்கின் மூன்றாம் பெட்டிக்குள் வரிசையாக நுழைந்தன.

செல்பேசி அடித்தது. "இங்க ஒண்ணுகூட வரல, தலைவரே. இன்னும் நிக்கணுமா?"

"மாவு காத்துல பறந்து ஒட்டியிருக்கும்," என்றார் புலர்டிக்.

"எங் கடை மாவு அவ்வளவு தூரம் பறக்காது தலைவரே," என்றான் ஓக்கே. "பறந்தா ரொட்டி எப்படிப் போடுறது?"

வீப்கே மட்டும் சிரிக்கவில்லை. "தேன் போனாப் போகட்டும். எம் பெட்டியில உண்ணி ஏகத்துக்கும் இருக்கு. தேனோட அதையும் சேத்துத்தான் சுமந்துட்டுப் போகுதுங்க. இன்னிக்கே அடித்தட்டு வச்சுப் பாருங்க."

"என் வம்சத்துக்கு அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

ஆனாலும் எல்லோரும் போனபின் மூன்றாம் பெட்டியில் தொடங்கி எல்லாப் பெட்டிகளுக்கு அடியிலும் தட்டைச் செருகி வைத்தார். ஒரு நாளைக்குப் பத்து உண்ணி விழுந்தாலே ஆபத்து. ஞாயிறு மாலை மூன்றாம் பெட்டித் தட்டில் எண்ண ஆரம்பித்து, நூற்று நாற்பதோடு நிறுத்திக்கொண்டார். மற்ற பெட்டிகளின் தட்டுகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். மருந்து வைத்தால் பதிவேடு போச்சு. வைக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் பதிவேட்டில் ஏற ஒரு தேனீகூட மிஞ்சாது. பலகையைத் திருப்பிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் எந்தக் கடை திறந்திருக்கிறது? வீப்கே வீட்டு மணியைத்தான் அடித்தார்.

அவர் கேட்குமுன்பே அவள் உண்ணி மருந்தான அமில பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அப்புறமும் போகாமல் நின்றார்.

"இன்னும் என்ன, தலைவரே?"

ஒரு பெட்டிக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.