மூன்று நாள் மாவு

அதற்குள் போய்விடாதே. மூணு நாளும் நாக்கைச் சப்பிக்கொண்டு கிட.

வெல்லப்பாகை அரிசிமாவில் ஊற்றிக் கிளறும்போது சசிரேகாவின் மனசுக்குள் ஓடியது அதுதான். கரண்டி சட்டி விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது.

முன்னறைக் கட்டிலில் நாத்தனார் வீராயி கிடந்தாள். சேலத்து ஆஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாலு நாளாகப் பால் இறங்கவில்லை, உயிரும் பிரியவில்லை. ஏதோ ஆசை பிடித்து நிறுத்துகிறது என்று வெள்ளக்கடை ஊரிலிருந்து வந்த சொந்தசனம் ஆளுக்கொன்றைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தது. இன்று காலையில்தான் வீராயியின் உதடு அசைந்தது.

"செம்மநத்தத்தா... கொண்டாந்த அதிரசம்."

செம்மநத்தத்தாள் என்றால் செம்மநத்தம் ஊர்க்காரி, சசிரேகாவின் அம்மா. மகளின் முதல் பொங்கல் சீருக்குத் தூக்குப்போசி நிறைய அதிரசத்தோடு பஸ் ஏறி வந்தாள். வீராயி ஒன்றைக் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். பிறகுதான், "இத வெச்சு மொளகு இடிக்கலாமாட்ட இருக்குது" என்றாள். காபி எஸ்டேட்டின் லைன் வீடு முழுக்கச் சிரித்தது. வீராயி போசியை வாசலில் கவிழ்த்தாள். நாய் ஒன்று விடாமல் தின்றுவிட்டு மண்ணையும் நக்கியது. அதை யாரும் பேசவில்லை. அம்மா மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். மூணு மணி பஸ்ஸில் போனவள் சாகும்வரை இந்தப் படியை மிதிக்கவில்லை.

அந்த ஒரு கடி பதினெட்டு வருசமாக வீராயி நாக்கில் இருந்திருக்கிறது.

புருசன் அண்ணாதுரை அடுப்படிக்கு வந்தான். "இப்பவே ரெண்டு சுட்டுரு சசி. பால்ல கரைச்சு வெச்சா அக்கா நிம்மதியாப் போயிருவா."

"மூணு நாள் ஊறோணுங்க. இல்லீன்னா எண்ணெயில பிரிஞ்சு போயிரும். எங்கம்மா பக்குவம் அது."

பாதிதான் நிசம். பிள்ளை அழுதால், கிளறிய சூட்டிலேயே ஒன்றைத் தட்டிச் சுட்டுத் தருவாள் அம்மா. அழுத பிள்ளை சசிரேகாதான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கனகா எட்டிப் பார்த்தாள். தங்கள் ஊட்டில் அன்றைக்கே சுட்டுவிடுவோம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏஞ்சசி, ஊறுறது மாவா, உன்ற நங்கையா வீராயியோட உசுரா?" என்றாள். சசிரேகா ஏலக்காயைத் தட்டி மாவில் போட்டுப் பிசைந்தாள்.

அந்தக் கையைக் கழுவாமல்தான் வீராயியின் உதட்டைத் துடைக்கப் போனாள். நாக்கு மெதுவாக வெளியே வந்து வாசனையைத் தேடியது. சசிரேகா கையை எடுத்துக்கொண்டாள். வீராயியின் கண் அவள் முகத்திலேயே நின்றது. அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, காபிச் செடிமேல் பனி கலையுமுன் மூச்சு நின்றது. மூன்றாம் நாள் முடிந்திருந்தது.

பாடை கட்டியாயிற்று. வாய்க்கரிசி போட வரிசை நின்றது. அண்ணாதுரை சிவந்த கண்ணோடு அடுப்படிக்கு வந்து மாவுச் சட்டியைத் திறந்தான். வெல்லமும் ஏலக்காயும் கமகமத்தன. விரலால் அழுத்தினான். வெண்ணெயாகக் குழைந்திருந்தது.

"நம்மூட்ல அடுப்புப் பத்த வெக்கக் கூடாது. கனகா ஊட்ல ஒண்ணே ஒண்ணு சுட்டுக் குடு சசி. அரிசியோட வாயில வெச்சு அனுப்பிரலாம்."

சசிரேகா அவன் விரல் பதிந்த குழியைத் தடவிச் சமப்படுத்தினாள்.

"இன்னும் பதத்துக்கு வரலீங்க."

மூடியை வைத்தாள். சட்டி வாயில் துணியை மறுபடி வேடுகட்டி, இன்னொரு முடிச்சும் போட்டாள்.